கடைசி நம்பர்

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பரந்தனிலிருந்து கிழக்கே போகிற றோட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த மாதம் அதே வாசலில் போய் மருந்துக்கு நிற்க எனக்கென்ன விசரா?

அங்கே மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கிளினிக். பிறசர், சீனி, கொலஸ்ரோல் என்று அந்தப் பக்கத்துச் சனத்தில் அரைவாசி அன்றைக்கு அங்கேதான் கிடக்கும். டொக்டர் வார்ட்டைப் பார்த்து முடித்து வந்து கதிரையில் இருக்க எட்டரை ஒன்பதாகும். சனமோ ஐந்து மணிக்கே வந்துவிடும். முந்திய காலத்தில் வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, செருப்புகள்தான் நின்றன. செருப்பை விட்டுவிட்டு ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் செருப்பு நாலு இடம் பின்னுக்குப் போயிருக்கும். பிறகென்ன, அதே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைதான்.

அந்தச் சண்டையை நிறுத்தியவர் மூக்கன். ஒருநாள் சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி ஒன்று முதல் எண்பது வரை நம்பர் எழுதி, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் பேனையுமாக வந்து வாசல் வாங்குப் பலகையில் குந்திவிட்டார். வருகிறவர் பெயரைச் சொல்லவேண்டும், மட்டையை வாங்கவேண்டும், போய் ஆறுதலாக இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. சத்தம் இல்லாமல் வேலை நடந்தால் யாருக்குக் கசக்கும்? மூன்றாவது மாதமே நேர்ஸ் அவருடைய கொப்பியைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிட்டார்.

மூக்கனுக்கு அறுபத்துநாலு வயது. எழுபத்தேழில் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது பதினாறு. காடு வெட்டி, வயல் செய்து, ஓடி, திரும்பி வந்து, இத்தனை வருசம் போயும் வாய் மட்டும் மலையிலிருந்து முழுக்க இறங்கவில்லை. மனைவி ராக்காயி கண்ணை மூடி ஆறு வருசம். மகன் கடைசிச் சண்டையோடு காணாமல் போனவன். மகள் நிரோஜா கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். “சாப்பிட்டீங்களாப்பா? மருந்து போட்டீங்களாப்பா?” இரண்டுக்கும் “ஆமாம்மா” என்றால் கதை முடிந்தது. மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் கதைக்கிறது ரேடியோ ஒன்றுதான். அதுவும் பற்றறி இருந்தால்.

அப்படிப்பட்ட மனுசனை மாதத்தில் ஒருநாள் எழுபது பேர் தேடினார்கள். “மூக்கண்ணை, எனக்கு எத்தினையாம் நம்பர்?” “மூக்கண்ணை, மாமியின்ரை பேரையும் எழுதுங்கோ, அவா பின்னால வாறா.” றோட்டில் கண்டால் ‘தோட்டக்காட்டான்’ என்று பின்னால் சொல்கிற ஆட்கள்கூட அன்றைக்கு அண்ணை போட்டுத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் நம்பர் கிடைக்குமா?

எல்லாருக்கும் முந்தி, நாலு கட்டை தூரம் சைக்கிள் உழக்கி வருகிறவர் அவர்தான். ஆனால் தன் பெயரைக் கடைசியில்தான் எழுதுவார். கடைசி மட்டை அவருடையது. “பாருங்கோவன், என்ன தங்கமான மனுசன்” என்று சனம் மெச்சியது. தங்கமுமில்லை, தகரமுமில்லை. முதலாம் நம்பரை எடுத்தால் ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். முடிந்தால் வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது? கடைசி நம்பர் என்றால் ஒரு மணி மட்டும் வாங்கில் இருக்கலாம். இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

வாங்கில் அவருக்குப் பக்கத்து இடம் விமலேஸ்வரிக்கு. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகன், மருமகள், வயல், மாடு என்று வீடு நிறைய இருந்தும் அந்த அம்மாவின் வாய்க்கு அது காணாது. மருமகள் புளி கரைக்கிற விதத்திலிருந்து பக்கத்து வீட்டு மாட்டின் குணம் வரைக்கும் மூக்கனுக்குத் தெரியும். டொக்டரைக் கண்டு முடிந்ததும் பையிலிருந்து இரண்டு பார்சல் வெளியே வரும். ஒன்று அவருக்கு. இடியப்பமும் சம்பலும்.

டொக்டரைக் காணும்வரை அந்த வாங்கில் ஒருத்தரும் வாயில் பச்சைத்தண்ணீர் படவிடமாட்டார்கள். உண்மையில் வெறும் வயிறு கேட்பது இரத்தம் எடுக்கிற நாளில் மட்டும்தான். ஆனால் ஒருமுறை ஒரு பாவி பணிஸ் தின்றுவிட்டு வர, நேர்ஸ் அத்தனை பேருக்கு முன்னால் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றிலிருந்து முழுச்சனமும் எல்லாக் கிளினிக்குக்கும் பட்டினி. எந்த நாளில் இரத்தம் எடுப்பார்கள் என்று கேட்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்டால் அதற்கும் பேச்சு விழுந்தால்?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டொக்டர் சிவதர்சினி மாற்றலாகி வந்தார். சின்னப் பிள்ளை, முப்பது வயதிருக்காது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததாம்: ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நோயாளர் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கவேண்டும், அவர்களைக் கேட்டுத்தான் எதையும் மாற்றவேண்டும் என்று. இப்படி எத்தனை கடிதம் வந்து எத்தனை ஃபைலுக்குள் படுத்திருக்கிறது! ஆனால் இந்தப் பிள்ளை அதை மெய்யாக எடுத்துக்கொண்டது.

“ஐயா, உங்களைத்தான் போடப்போறன்” என்றார் டொக்டர், மூக்கனின் கையில் பிறசர் பட்டியைக் கட்டியபடி. “சனம் முழுக்க உங்களுக்குப் பழக்கம்.”

“ஐயோ, நான் அஞ்சாம் வகுப்புங்க.”

“வருத்தக்காரர் ஆள்தான் எனக்கு வேணும். சேர்ட்டிபிக்கட் இல்லை.”

அன்றைக்கு அவருடைய பிறசர் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சந்தோசத்தில்.

கூட்டத்துக்கு மகள் வாங்கித் தந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற அதிபர், சங்கக்கடை மனேஜர், நேர்ஸ், இன்னும் இரண்டு பேர். அவருக்கும் ஒரு குஷன் கதிரை, ஒரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கற். டொக்டர் தன் யோசனையைச் சொன்னார். இனி வரிசையே வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நேரம், கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரப்படும். அந்த நேரத்துக்கு வந்தால் கால் மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போகலாம். வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வந்தால் போதும்.

“நல்லதெண்டு நாங்கள் சொல்லிக் காணாது. ஐயா சனத்தை ஒவ்வொருத்தராக் கேட்டுக்கொண்டு வரட்டும். பிறகு முடிவெடுப்பம்” என்றார் டொக்டர்.

மூக்கன் கையிலிருந்த பிஸ்கற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். வரிசை இல்லையென்றால் மட்டை இல்லை. மட்டை இல்லையென்றால் மூக்கண்ணையும் இல்லை.

ஆனாலும் கேட்டார், அதில் களவு செய்யவில்லை. அடுத்த கிளினிக்கில் நம்பர் கொடுக்கும்போதே ஒவ்வொருத்தரிடமும் விளங்கப்படுத்தி, வேண்டும் என்றவர் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரி மகளோடு வந்த தாய், “இதைக் கேக்கவும் வேணுமே அண்ணை?” என்றாள். ஒற்றைக்காலோடு ஊன்றுகோலில் வந்தவர் சிரித்தே விட்டார். விமலேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டார். “அப்பிடி ஒண்டு வந்தால் நான் அம்மாளுக்குப் பொங்குவன். இந்த வாங்கில இருந்து இருந்து என்ரை நாரியும் முதுகும் போச்சு.”

மூக்கனுக்குச் சுருக்கென்றது. அந்த வாங்கில் இருப்பதை அந்த அம்மாவும் தன்னைப்போல விரும்புகிறார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார். இடியப்பமும் கதையும் எல்லாம் போகாத நேரத்தைப் போக்கத்தானா? பேனை ஒரு கணம் நின்றது. பிறகு விமலேஸ்வரியின் பெயருக்கும் சரி விழுந்தது.

அறுபத்தொன்பது பெயர். அறுபத்தெட்டுச் சரி. கடைசி வரியில் அவருடைய பெயர். அதற்கு நேரே ஒன்றுமில்லை.

அடுத்த கூட்டத்தில் டொக்டர் கேட்டார். “என்ன ஐயா, சனம் என்ன சொல்லுது?”

கொப்பி மடியில் இருந்தது. அதைத் திறந்து மேசையில் வைத்தால் போதும், வேறு வேலையில்லை. மூக்கன் திறக்கவில்லை.

“சனம் இப்ப இருக்கிறதே போதும்ங்குறாங்க டொக்டர். பழகிப்போச்சாம்.”

டொக்டரின் முகம் விழுந்துவிட்டது. “மெய்யாவோ?”

“ஆமாங்க.”

“சனத்துக்கு வேண்டாமெண்டால் நாங்கள் ஏன் தலையை உடைப்பான்?” என்று அதிபர் ஃபைலை மூடினார். அந்தப் பிள்ளை இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் நோயாளர் ஆள் சொன்னதை நம்பவேண்டும் என்று நம்பினது. நம்பினவரைத்தானே ஏமாற்ற முடியும். மூக்கன் சைக்கிளில் வீட்டுக்கு வரும்வரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இத்தனை வருசம் இருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் செத்தா போவார்கள் என்றும் ஒருமுறை நினைத்தார்.

சும்மா கிடக்காத மனசு நினைத்தது.

அடுத்த கிளினிக்குக்கு விமலேஸ்வரி பிந்தித்தான் வந்தார். நம்பர் ஐம்பத்திரண்டு. போன மாதம் ஊசி போடாமல் வந்ததற்குப் பேச்சு வாங்கியிருந்தபடியால், இந்தமுறை ஐந்தரைக்கே வீட்டில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். சாப்பாடு? அது டொக்டரைக் கண்டபிறகுதானே! பத்து மணிக்கு நம்பர் இருபத்தெட்டு போய்க்கொண்டிருந்தது. மருமகள் வாங்கின புது பிளெண்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“என்னம்மா?” என்றார் மூக்கன்.

“ஒண்டுமில்லை, கண் இருட்டுது” என்ற விமலேஸ்வரி எழும்பப் பார்த்து, அப்படியே முன்னுக்குச் சரிந்தார். நெற்றி சிமெந்துப் படியில் அடித்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பை கவிழ்ந்து இரண்டு இடியப்பப் பார்சலும் உருண்டன.

ஓடி வந்தார்கள், தூக்கினார்கள். ஊசி போட்டுச் சாப்பிடாததில் சீனி இறங்கிவிட்டதாம். குளுக்கோஸ் ஏற்றி, நெற்றியில் ஐந்து இழை தையல் போட்டார்கள். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிராது என்று நேர்ஸ் சொன்னார். மூக்கன் வார்ட்டு வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. கையில் ஐம்பத்திரண்டாம் மட்டை இருந்தது. எப்போது, யார் கையிலிருந்து அதை எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

அந்த மாதக் கூட்டத்தில் மூக்கன் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கொப்பியை எடுத்து டொக்டருக்கு முன்னால் விரித்து வைத்தார்.

“போன தடவை நான் பொய் சொல்லிட்டேங்க. எல்லாருமே வேணும்னுதான் சொன்னாங்க. இந்தா, சரி போட்டிருக்கு.”

“இதுக்குத்தான் படிச்ச ஆளைப் போடுங்கோ எண்டனான்” என்றார் அதிபர், யன்னலைப் பார்த்துக்கொண்டு.

டொக்டர் சிவதர்சினி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மூக்கனுக்கு லேசாக இருந்திருக்கும். “ஏன் ஐயா அப்பிடிச் சொன்னியள்?” என்று மட்டும் கேட்டார்.

என்ன சொல்வது? எனக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது பிள்ளை, மற்ற நாளில் என்னோடு கதைக்க நாய்கூட இல்லை என்று சொல்வதா? அதிபர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சங்கக்கடை மனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“புத்தி கெட்டுப்போச்சுங்க” என்றார் மூக்கன்.

டொக்டர் விரலை வைத்து ஒவ்வொரு சரியாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. “இதில ஒராளுக்கு ஒண்டும் போடேல்லை. ஆர் இது?”

“அது நாந்தாங்க.”

“அப்ப நீங்கள்? உங்களுக்கு வேணுமோ, வேண்டாமோ? நீங்களும் வருத்தக்காரர்தானே ஐயா. சொல்லுங்கோ.”

கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை மெய்யாகவே காத்திருந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருசத்தில் முதல்முதலாக ஒருத்தர் கேட்கிறார். வாங்கு வேண்டும். நம்பர் மட்டை வேண்டும். எழுபது பேர் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். பக்கத்தில் ஒருத்தர் இருந்து மருமகளின் புளியைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அதோடு அந்த நெற்றி படியில் அடித்த சத்தமும் வந்தது.

“எனக்கும் வேணுங்க” என்றார் மூக்கன். டொக்டரின் பேனையை வாங்கித் தன் பெயருக்கு நேரே தானே சரி போட்டார். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒரு மாதத்தில் எல்லாருடைய கொப்பியிலும் நேரம் எழுதியாயிற்று. எந்த நாளில் வெறும் வயிறு, எந்த நாளில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று சிவப்பு மையில் தனியாக எழுதியாயிற்று. மூக்கனின் கிளினிக் கொப்பியைக் கொடுக்கும்போது டொக்டர் சிரித்தார்.

“இவ்வளவு நாளும் நீங்கள்தானே கடைசி. அதுதான் உங்களை முதல் ஆளாப் போட்டிருக்கிறன். காலமை எட்டு மணி. நான் வார்ட்டுக்குப் போக முதல் உங்களைப் பாத்திட்டுத்தான் போவன்.”

நல்ல மனசோடு செய்தது. மூக்கன் கையெடுத்துக் கும்பிட்டார். வேறென்ன செய்ய?

புதிய முறையில் முதல் கிளினிக். எட்டு மணி என்று தெரிந்தும் மூக்கன் ஐந்துக்கே வந்துவிட்டார். சேட்டுப் பையில் பேனை, சைக்கிள் கூடையில் பழைய கொப்பியும் மட்டைக்கட்டும். கையை எத்தனை வருசம் பழக்கியிருப்பார், அது கேட்குமா? வாசல் வாங்கு வெறிச்சென்றிருந்தது. செருப்புமில்லை, ஆளுமில்லை. ஒரு நாய் மட்டும் வாங்குக்குக் கீழே படுத்திருந்தது. காவலாளி எட்டிப் பார்த்து, “அண்ணை, இனி ஏன் இந்த நேரத்தில கஷ்டப்படுறியள்? மூண்டு மணித்தியாலம் கிடக்கு” என்றார்.

“தூக்கம் வரலீங்க” என்றார் மூக்கன்.

எட்டுக்குக் கூப்பிட்டார்கள். எட்டு பன்னிரண்டுக்கு மருந்தும் கையில் வந்துவிட்டது. டொக்டர் பிறசர் பார்த்து முகம் மலர்ந்தார். “நல்லாக் கட்டுப்பாட்டில இருக்கு ஐயா. இனி உங்களுக்கு மாதம் மாதம் அலைச்சல் இல்லை. ரெண்டு மாதத்துக்கு ஒருக்கால் வந்தாக் காணும்.” கொப்பியில் திகதி எழுதினார். “வேற ஏதும் பிரச்சினை இருக்கோ?”

“ஒண்ணும் இல்லீங்க.”

சைக்கிளை எடுத்தவர் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. எதிரே தேத்தண்ணிக் கடை வாங்கில் போய் இருந்தார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஊன்றுகோல்காரர் ஒன்பதுக்கு ஓட்டோவில் வந்தார், ஒன்பதேகாலுக்குப் போனார். பிள்ளைத்தாய்ச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள் வந்த கையோடு திரும்பினாள். ஒருத்தருக்கும் நிற்க நேரமில்லை, நிற்கத் தேவையுமில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க மூக்கனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. எழும்பிப் போகத்தான் மனம் வரவில்லை. இரண்டு பிளேன்ரீ குடித்தார்.

பத்தரைக்கு மகனின் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார் விமலேஸ்வரி. நெற்றியில் தழும்பு. மூக்கனைக் கண்டதும் றோட்டைக் கடந்து வந்தார்.

“மூக்கண்ணை! எனக்குப் பத்து நாப்பது. சமைச்சு, சாப்பிட்டு, மாட்டுக்கும் தண்ணி வைச்சிட்டு வாறன் தெரியுமே? நீங்கள் கூட்டத்தில சொல்லித்தான் இதெல்லாம் நடந்ததாம். அம்மாளுக்குப் பொங்கேக்கை உங்களுக்கும் குடுத்துவிடுறன்.” பிறகு அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். “உங்களுக்கு எட்டு மணியெல்லே? இன்னும் இஞ்ச ஏன் நிக்கிறியள்?”

“சைக்கிள் ரியூப் ஒட்டக் குடுத்திருக்கேங்க” என்றார் மூக்கன். சைக்கிள் அவருக்குப் பின்னால் இரண்டு சில்லிலும் காற்றோடு சாய்ந்து நின்றது.

மகன் ஹோர்ன் அடித்தான். “நேரமாகுது, போட்டு வாறன் அண்ணை. இருந்து கதைக்க முடியேல்லை. வாற மாசம் பாப்பம், என்ன?”

“பாப்போங்க.”

விமலேஸ்வரி கேற்றுக்குள் போகும்வரை மூக்கன் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற மாதம் அவருக்குக் கிளினிக் இல்லை. அதை அந்த அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. பிளேன்ரீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்த மட்டைக்கட்டை அடுப்புக்கு ஆகும் என்று கடைக்காரரிடம் நீட்டினார்.